மூன்று வருடச் சம்பளம்

அமெரிக்காவில் தீயணைப்பு என்பது ஊருக்கு ஊர் தனி. தமிழ்நாட்டில் எந்த மூலையில் தீப்பிடித்தாலும் 101ஐக் கூப்பிட்டால் வருவது மாநில அரசின் வண்டி. அதில் வருகிறவருக்குச் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து போகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நான் குடியிருக்கும் சின்ன ஊரில் அந்தச் சம்பளம் ஊர்க்காரர்கள் கட்டுகிற சொத்து வரியிலிருந்து வந்தாக வேண்டும். வரி போதவில்லையென்றால் ஆளைக் குறைக்க வேண்டியதுதான். எங்கள் எல்லையைத் தாண்டினால் வசதியான ஊர். அங்கே ஒரு தீயணைப்பு வண்டிக்கு நான்கு பேர். எல்லைக்கு இந்தப் பக்கம், சில வருடங்களுக்கு முன்புவரை, நிலையம் முழுவதற்கும் ஷிஃப்டுக்கு மூன்று பேர். தீ ஒன்றுதான்; எந்தத் தெருவில் வீடு வாங்கினோம் என்பதை வைத்து வருகிற ஆட்களின் எண்ணிக்கை மாறுகிறது.

இது எப்படி வந்தது என்று யோசித்தால் பெஞ்சமின் ஃபிராங்க்ளின்வரை போக வேண்டியிருக்கும். 1736இல் பிலடெல்ஃபியாவில் அவரும் நண்பர்களும் தொடங்கிய தீயணைப்புக் குழுவில் எல்லாரும் தன்னார்வலர்கள். ஊர்க்காரர்களே ஊரைக் காப்பாற்றிக்கொள்வது என்ற அந்த வழக்கம் இன்னும் போகவில்லை. இந்த நாட்டுத் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இன்றும் தன்னார்வலர்கள்தான். எங்கள் ஊரிலும் ஒருகாலத்தில் ஆற்றோரத்து நெசவு மில்லில் வேலை பார்த்தவர்கள் சங்கு ஊதியதும் தறியை விட்டுவிட்டு ஓடிவருவார்களாம். மில் மூடிப் பல பத்தாண்டுகள் ஆயிற்று. இப்போது ஊர்க்காரர்களில் பாதிப் பேர் காலையில் பாஸ்டன் பக்கம் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பகல் பத்து மணிக்கு ஓடிவர ஊரில் ஆள் கிடையாது. அதனால் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டியிருக்கிறது.

குடியுரிமை வாங்கிச் சில வருடங்கள் கழித்து நான் ஊரின் நிதிக்குழுவில் உறுப்பினரானேன். சம்பளமில்லாத பொறுப்பு. பள்ளிக்கூடம், நூலகம், சாலை, போலீஸ், தீயணைப்பு என்று ஒவ்வொரு துறையும் கேட்கிற பணத்தை வரிவரியாகப் பார்த்து, ஊர்க்கூட்டத்துக்குப் பரிந்துரை எழுத வேண்டும். நான் கணக்குத் தணிக்கை படித்தவள். அலுவலகத்தில் நாள் முழுக்க எண்களோடு இருந்துவிட்டு, மாலையில் ஊராட்சி மன்றத்தின் மேல்மாடியில் மறுபடியும் எண்களோடு உட்கார எனக்குப் பிடித்திருந்தது. திருச்சியிலிருந்து அம்மா போனில் கேட்பார்.

"இன்னைக்கும் மீட்டிங்காடி?"

"ஆமாம்மா. ஃபயர் சர்வீஸ் பட்ஜெட்."

"ஏண்டி, நெருப்பணைக்கிறவனுக்குச் சம்பளம் குடுக்கலாமா வேண்டாமான்னு கூட்டம் போட்டா பேசுவாங்க? அதெல்லாம் கவர்மெண்டு குடுக்காதா?"

இங்கே கவர்மெண்டு என்றால் நாங்கள்தான் என்று அவருக்கு விளக்கினேன். அவருக்கு அது சரியாகப்படவில்லை. கொஞ்ச நாளில் எனக்கும் சரியாகப்படாமல் போயிற்று.

எங்கள் ஊரின் கஷ்டத்துக்கு யாரும் பணத்தைச் சுருட்டியது காரணமில்லை. 1980இல் இந்த மாநில மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த ஒரு சட்டம் இருக்கிறது. 'டூ அண்ட் எ ஹாஃப்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஒரு ஊர் வசூலிக்கும் மொத்தச் சொத்து வரி முந்தைய வருடத்தைவிட இரண்டரை விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது. புதிதாகக் கட்டிடங்கள் எழும்பினால் அவற்றுக்கான வரியை அதன்மேல் கூட்டிக்கொள்ளலாம். இதையும் தாண்ட வேண்டுமென்றால் மக்களிடம் தனியாக வாக்கெடுப்பு நடத்தி அனுமதி வாங்க வேண்டும்; அதற்கு 'ஓவர்ரைடு' என்று பெயர். வரி வெறிகொண்டு ஏறாமல் தடுத்ததில் அந்தச் சட்டத்துக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவு இரண்டரை விழுக்காட்டோடு நிற்பதில்லையே. பெரிய கடைகளும் அலுவலக வளாகங்களும் புதிதாக வருகிற ஊர் சமாளித்துவிடும். மில் மூடிய ஊரில் என்ன புதிதாக வரும்? ஒவ்வொரு வருடமும் செலவு ஒரு படி, வரவு அரைப்படி. ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரரின் இடத்தை நிரப்பாமல் விட்டுவிடுவது பட்ஜெட்டைச் சரிக்கட்டச் சுலபமான வழி. யாரையும் வேலையிலிருந்து நீக்கியதாகாது, செய்தித்தாளில் வராது. நான் குழுவில் சேர்வதற்கு முன்பே அப்படி நான்கு இடங்கள் காணாமல் போயிருந்தன.

ஷிஃப்டுக்கு மூன்று பேர் என்றால் என்ன என்பதை நிலையத்தின் சீஃப் எனக்கு விளக்கிய விதம் நன்றாக நினைவிருக்கிறது. பட்ஜெட் தாளை அவர் கையில் எடுக்கவேயில்லை. வண்டி நிற்கும் கூடத்துக்குக் கூட்டிப்போனார். சுவரோரமாக மூன்று ஜோடி பூட்ஸ். ஒவ்வொரு பூட்ஸின் மேலும் தடித்த கால்சட்டை சுருட்டி இறக்கப்பட்டு, காலை நுழைத்து ஒரே இழுப்பில் தோள்பட்டிவரை ஏற்றிக்கொள்ளத் தோதாக வைத்திருந்தது. மேலே கொக்கிகளில் கோட்டுகள், தலைக்கவசங்கள். பக்கத்தில் ஆளில்லாத கொக்கிகள் நான்கு.

"எங்களுக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை தீ இல்லை, ஆம்புலன்ஸ்" என்றார். "மாரடைப்பு, வயதானவர் விழுந்துவிட்டார், மூச்சு முட்டுகிறது. ஆம்புலன்ஸில் இரண்டு பேர் போயாக வேண்டும். மருத்துவமனை பக்கத்து நகரத்தில். போய்த் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரமெல்லாம் இந்த ஊரின் தீயணைப்புத் துறை என்பது ஒரு மனிதர்."

அந்த ஒரு மனிதரால் என்ன செய்ய முடியும்? வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம். எரிகிற வீட்டுக்குள் தனியாகப் போகக்கூடாது. 1998இலிருந்து மத்தியத் தொழிற்பாதுகாப்பு விதி ஒன்று இருக்கிறது: புகை நிறைந்த கட்டிடத்துக்குள் போனால் இரண்டு பேராகப் போக வேண்டும், அவர்களுக்கு ஏதாவது ஆனால் மீட்க வெளியே இரண்டு பேர் தயாராக நிற்க வேண்டும். ஆக நான்கு பேர். உள்ளே உயிர் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் விலக்கு. எங்கள் மாநிலத்துக் குவின்சி நகரில் தலைமையகம் வைத்திருக்கும் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம், முழுநேர வீரர்களைக் கொண்ட துறைகளுக்கு எழுதிய நியமத்திலும் ஒரு வண்டிக்கு நான்கு பேர்தான். இந்த நான்கு என்ற எண் யாரோ மேசையில் உட்கார்ந்து போட்டதில்லை. 2010இல் அமெரிக்கத் தரநிர்ணய ஆய்வகமும் தீயணைப்பு அமைப்புகளும் சேர்ந்து சாதாரண வீடு ஒன்றைப் போலக் கட்டிடம் எழுப்பி, அதில் திரும்பத் திரும்பத் தீவைத்து, இரண்டு பேர், மூன்று பேர், நான்கு பேர், ஐந்து பேர் என்று குழுக்களை அனுப்பிக் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். செய்ய வேண்டிய 22 வேலைகளை நான்கு பேர் குழு, இரண்டு பேர் குழுவைவிட 30 விழுக்காடும் மூன்று பேர் குழுவைவிட 25 விழுக்காடும் வேகமாக முடித்தது. வீட்டுத் தீ நிமிடத்துக்கு நிமிடம் பெருகக்கூடியது. அந்த வித்தியாசத்துக்குள் ஒரு மாடிப்படி புகையால் அடைபட்டுவிடும்.

சீஃப் கேட்டது நான்கு ஆட்களை. ஊரிடம் பணமில்லை என்று அவருக்கே தெரியும். அதனால் 'சேஃபர்' மானியத்துக்கு விண்ணப்பிக்க நிதிக்குழுவின் ஒப்புதலைக் கேட்டார்.

இந்த மானியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேரிடர் மேலாண்மை நிறுவனமான ஃபீமா தருகிறது. 2001இலிருந்து மத்திய அரசு உள்ளூர்த் தீயணைப்புத் துறைகளுக்கு வண்டி, உடை, சுவாசக் கருவி வாங்கப் பணம் கொடுத்துவந்தது. வண்டி வந்தது, ஓட்ட ஆளில்லை என்ற குரல் நாடு முழுக்க எழுந்த பிறகு, ஆட்களை வைக்கவே தனியாக ஒரு மானியம் 2003இல் சட்டமாகி, 2005இலிருந்து கொடுக்கப்பட்டது. அதைக் கெஞ்சி வாங்கிய கதையாகத்தான் அதன் வரலாறும் இருக்கிறது. தொடக்க வருடங்களில் அதிபரின் பட்ஜெட்டில் அதற்குப் பூஜ்யம் போட்டு வரும். காங்கிரஸ் ஒவ்வொரு முறையும் பணத்தைத் திரும்பச் சேர்க்கும். முதலில் மத்திய அரசின் பங்கு நான்கு வருடம், ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே போகும்: 90, 80, 50, 30 விழுக்காடு. ஐந்தாம் வருடமும் அந்த ஆளை வேலையில் வைத்திருப்பேன் என்று ஊர் எழுதிக்கொடுக்க வேண்டும். ஏழை ஊர்கள் அந்த நிபந்தனையைப் பார்த்தே விலகிப் போயின. 2008இன் பொருளாதாரச் சரிவில் நிலைமை தலைகீழானது. கலிஃபோர்னியாவின் வலேஹோ நகரம் அந்த வருடமே திவால் மனு போட்டு, தீயணைப்பு நிலையங்களை மூடியது. வேறு பல நகரங்களில் வீரர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது காங்கிரஸ் நிபந்தனைகளைத் தளர்த்தி, நீக்கியவர்களைத் திரும்ப எடுக்கவும் இந்தப் பணத்தைப் பயன்படுத்தலாம் என்றது. 2010இல் ஒதுக்கீடு 42 கோடி டாலர். 2012இல் டெட்ராய்ட் நகரம் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களை இந்தப் பணத்தைக் கொண்டுதான் வேலையில் தக்கவைத்தது. அந்த நகரம் திவால் மனு போட்டது அதற்கு அடுத்த வருடம்.

நாங்கள் விண்ணப்பித்தபோது விதி இப்படி: மூன்று வருடம். முதல் இரண்டு வருடமும் ஆளின் சம்பளத்திலும் சலுகைகளிலும் 75 விழுக்காடு மத்திய அரசு, மீதி ஊர். மூன்றாம் வருடம் மத்திய அரசு 35, ஊர் 65. அதன் பிறகு முழுக்க ஊரின் பாடு.

நிதிக்குழுவின் தலைவர் வயதானவர், நாற்பது வருடமாக ஊரின் கணக்கைப் பார்த்தவர். "நான்காம் வருடம் என்ன செய்வீர்கள்?" என்றார் சீஃபிடம். அந்தக் கேள்வியைப் பலர் தடையாகக் கேட்டார்கள். அவர் அக்கறையாகக் கேட்டார். மானியத்தில் வண்டி வாங்கினால் வண்டி நிற்கும். ஆளை எடுத்தால் அவருக்கு ஒரு குடும்பம், ஒரு வீட்டுக்கடன், பள்ளிக்குப் போகும் குழந்தை. மூன்று வருடம் கழித்து அவரிடம் போய்ப் பணம் முடிந்தது என்று சொல்கிற தைரியம் இந்த மேசையில் யாருக்கு இருக்கிறது? எனக்கு இன்றும் அவர் மேல் மரியாதை. ஆனால் அன்று நான் அவருக்கு எதிராகத்தான் வாக்களித்தேன். நான்காம் வருடத்துக்குப் பயந்து முதல் மூன்று வருடத்தையும் ஒருவரை வைத்தே ஓட்டுவது என்பது ஆபத்தை நாங்கள் தாங்குவதாக ஆகாது. அதை இரவு மூன்று மணிக்குப் போன் செய்கிற ஒரு கிழவியின் தலையில் ஏற்றுவதாகும். ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஒப்புதல் கிடைத்தது. விண்ணப்பத்தின் கணக்குப் பகுதியை எழுதித் தருகிறேன் என்று சீஃபிடம் சொன்னேன்.

விண்ணப்பம் திறந்திருப்பது ஒரு மாதம் போல. வசதியான ஊர்கள் இதற்கென்றே எழுதுகிறவர்களைக் காசு கொடுத்து வைத்துக்கொள்கின்றன. பணமில்லாத ஊருக்கு இன்னும் தேவை, ஆனால் எழுத ஆளில்லை. இந்த முரண்பாட்டை ஃபீமா இன்னும் தீர்க்கவில்லை, தீர்க்க வேண்டும். எங்களிடம் இருந்தது சீஃப், தட்டச்சத் தெரிந்த ஒரு கேப்டன், நான்.

நிலையத்தின் அழைப்புப் பதிவுகள்தான் எங்கள் சொத்து. ஒவ்வொரு அழைப்புக்கும் நான்கு நேரங்கள்: அழைப்பு வந்தது, கிளம்பியது, போய்ச் சேர்ந்தது, திரும்பி நிலையத்துக்கு வந்தது. பழைய பதிவுகள் கையெழுத்தில், சில இடங்களில் மழையில் நனைந்து மை பரவி. மாலைகளில் நிலையத்துச் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவற்றைக் கணினியில் ஏற்றினேன். நான் தேடியது ஒன்றுதான்: முதல் அழைப்பு முடிவதற்குள் இரண்டாவது வந்த நேரங்கள். பட்டியலில் அவற்றுக்குச் சிவப்பு நிறம் கொடுத்தேன். முதல் மாதத்தை முடித்தபோதே பக்கம் சிவப்பாக இருந்தது. ஒரு ஜனவரி இரவு 2.10க்கு மாரடைப்பு, இருவர் போனார்கள். 2.31க்கு இன்னொரு வீட்டில் ஒருவர் மூச்சுவிட முடியவில்லை என்கிறார். நிலையத்தில் இருந்தவர் முதலுதவிப் பையோடு தனியாகப் போய், ஆக்ஸிஜன் வைத்து, பக்கத்து ஊர் ஆம்புலன்ஸ் வரும்வரை பனியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். குறிப்பு என்ற இடத்தில் அவர் எழுதியிருந்தது இரண்டு சொல்: 'தனியாக இருந்தேன்.' அந்தப் பதிவேடுகளில் குறிப்பு எழுதப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. அந்த மனிதருக்கு அதை எழுத வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

அந்த வாரங்களில்தான் எங்கள் தெருவிலேயே அது நடந்தது. இந்தப் பக்கத்து மில் ஊர்களில் தொழிலாளர்களுக்கென்று கட்டிய மூன்றடுக்கு மரவீடுகள் நிறைய உண்டு. ஒரு மாடிக்கு ஒரு குடும்பம், பின்பக்கம் மரப்படி. அப்படியொரு வீட்டின் இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து புகை. நானும் வாசலுக்கு வந்தேன். சைரன் கேட்டது, வண்டி வந்தது, அதிலிருந்து ஒருவர் இறங்கினார். மற்ற இருவரும் ஆம்புலன்ஸோடு மருத்துவமனையில். அவர் வண்டியைச் சுற்றி வந்து சக்கரத்துக்கு அடை கொடுத்தார். பம்பை ஓடவிட்டார். குழாயை இழுத்து வாசற்படிவரை விரித்தார். முகமூடியைப் போட்டு, முதுகில் காற்றுச் சிலிண்டரோடு நிமிர்ந்து, மாடியைப் பார்த்தார். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்று கேட்டார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண் வந்துவிட்டோம் என்றாள். திரும்பக் கேட்டார், மேல்மாடியிலும் யாரும் இல்லையா? இல்லை என்றாள். அதன் பிறகு அவர் செய்யக்கூடியது காத்திருப்பது. கையில் குழாய், அதில் தண்ணீர், எதிரே புகை. உள்ளே போக விதி விடாது. அவருடைய தோள் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது. தெருவில் ஒருவர் ஏன் சும்மா நிற்கிறார் என்று கத்தினார். பக்கத்து ஊர் வண்டி வந்து நான்கு பேர் குதித்து இறங்கியதும் எல்லாம் சில நிமிடங்களில் முடிந்தது. அடுப்பில் வைத்த எண்ணெய்ச் சட்டி. திரைச்சீலையும் அலமாரியும் எரிந்திருந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் மட்டும் மாடியில் ஒருவர் இருப்பதாகச் சொல்லியிருந்தால் அவர் தனியாகவே உள்ளே போயிருப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. 1999 டிசம்பரில் இதே மாநிலத்து வூஸ்டரில் காலியான குளிர்பதனக் கிடங்கு ஒன்று எரிந்தபோது, உள்ளே வீடற்றவர்கள் இருக்கலாம் என்று தேடப்போனவர்கள் புகையில் வழி தவறினார்கள். அவர்களைத் தேடி இன்னும் சிலர் போனார்கள். ஆறு பேர் இறந்தார்கள். அந்த ஆறு பேரின் படம் எங்கள் நிலையத்துச் சுவரிலும் இருக்கிறது. இவர்கள் போய்விடுவார்கள் என்பதால்தான் போதுமான ஆளை அனுப்ப வேண்டியிருக்கிறது.

விண்ணப்பத்தில் 'நிதி நிலை' என்று ஒரு பகுதி. உங்கள் ஊரால் ஏன் இந்த ஆட்களைத் தன் பணத்தில் வைக்க முடியவில்லை என்று விளக்க வேண்டும். ஊரின் நடுத்தர வருமானம், மூடிய தொழில்கள், வரி வரம்பு, நிரப்பாத இடங்கள், ஓவர்டைம் செலவு, பழுதான கூரை. எழுத எழுத எனக்குள் ஒரு கோபம் வளர்ந்தது. நான் எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் எங்களைவிடப் பரிதாபமாக ஒரு ஊர் எழுதினால் அது வெல்லும். அதைவிடப் பரிதாபமாக எழுதினால் நாங்கள் வெல்வோம். வாசித்து மதிப்பெண் போடுகிறவர்கள் வேறு ஊர்களின் தீயணைப்புத் துறையைச் சேர்ந்தவர்கள், நேர்மையானவர்கள், அனுபவமுள்ளவர்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாடு முழுவதிலுமிருந்து கேட்கப்படும் தொகை இருக்கிற ஒதுக்கீட்டைப் பலமடங்கு தாண்டுகிறது. ஒருவருடைய வீட்டுக்கு நான்கு பேர் வருவார்களா ஒருவர் வருவாரா என்பது கட்டுரைப் போட்டியில் முடிவாகக்கூடாது. இதை அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். தீயணைப்புக்குக் குறைந்தபட்ச ஆள் என்பது மாநிலமோ மத்திய அரசோ ஒவ்வொரு ஊருக்கும் நிரந்தரமாகப் பொறுப்பேற்க வேண்டிய ஒன்று. அம்மா போனில் கேட்டதில் நியாயம் இருந்தது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. மானியத்தில் வரும் ஆளைக் காட்டி ஏற்கெனவே இருக்கும் ஆளைக் குறைக்கக்கூடாது. மானியக் காலம் முழுக்க மொத்த எண்ணிக்கையைக் காப்பாற்ற வேண்டும். இதற்கு ஊராட்சிக் குழு கையெழுத்திட வேண்டும். நல்ல நிபந்தனை. நிதிக்குழுவில் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது எங்களை எங்களிடமிருந்தே காப்பாற்றும் வேலியாகப் பட்டது.

முதல் விண்ணப்பம் தேறவில்லை. நான்கு வரிக் கடிதம். அடுத்த வருடம் சிவப்புப் பட்டியலை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு கூற்றுக்கும் பதிவேட்டு எண்ணைச் சேர்த்து மறுபடி அனுப்பினோம். இலையுதிர்காலத்தில் ஒரு மாலை சீஃப் போன் செய்தார். ஹலோ சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். "நான்கு பேர்" என்றார் பிறகு. "நான்கு பேரும்."

ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஃபீமா ஆறு மாத அவகாசம் தருகிறது. நால்வரில் ஒருவர் எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண், ஆம்புலன்ஸ் நிறுவனமொன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். இன்னொருவர் ராணுவத்திலிருந்து திரும்பியவர். மாநிலத் தீயணைப்புப் பயிற்சிப் பள்ளிக்குப் போய்வந்து, ஷிஃப்டுக்கு ஒருவராகச் சேர்ந்தார்கள். மூன்று நான்கானது. ஆம்புலன்ஸ் போனால் இனி இரண்டு பேர் இருப்பார்கள். பெரிய மாற்றமாக எண்ணில் தெரியாது. நிலையத்தில் தெரிந்தது. இரவில் ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு மீதமிருப்பவர் ரேடியோ பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பது நின்றுபோனது. கட்டாய ஓவர்டைமும் குறைந்தது. என்னுடைய பட்டியலில் சிவப்பு குறையவில்லை, அழைப்புகள் ஏறிக்கொண்டுதான் போயின. ஆனால் 'தனியாக' என்ற சொல் எந்தக் குறிப்பிலும் வரவில்லை.

நான்காம் வருடம் வந்தே தீரும் என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் வருடத்திலிருந்தே நிதிக்குழுவில் அதைப் பேச வைத்தேன். பழைய தலைவர் ஓய்வுபெற்றிருந்தார். ஆனாலும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்பார், அதற்காக நான் அவருக்கு நன்றி சொன்னேன். கடைசியில் ஓவர்ரைடு கேட்பது என்று முடிவானது. பள்ளிக்கூடத்துக்கும் அந்த வருடம் பணம் தேவைப்பட்டது. நூலகம் சனிக்கிழமைகளில் மூடிக் கிடந்தது. தீயணைப்புக்குக் கொடுத்தால் எங்கள் பிள்ளைகளின் இசை ஆசிரியருக்கு இல்லையா என்று தாய்மார்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. வரி ஏறினால் வீட்டை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான் என்று ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள் சொன்னதும் நியாயமானது. ஏழை ஊரில் நல்லவர்களை நல்லவர்களோடு மோதவிடுகிற வேலையைப் பட்ஜெட் செய்கிறது.

ஊர்க்கூட்டம் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில். நியூ இங்கிலாந்து முழுக்க இந்த வழக்கம் உண்டு. பதிவுபெற்ற வாக்காளர் யாரும் வரலாம், எழுந்து பேசலாம், கையை உயர்த்தி வாக்களிக்கலாம். நான் பட்டியலைத் திரையில் காட்டினேன், எண்களைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி ஒலிவாங்கிக்கு வந்தார். தன் கணவர் சில வருடங்களுக்கு முன் மாடியில் விழுந்ததைச் சொன்னார். அன்று இரண்டு பேர் வந்தார்களாம். படி குறுகல், கணவர் கனத்த உடம்பு. "முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பிடிக்க ஆளில்லை. நான் பிடித்தேன். எனக்கு எழுபத்தொன்பது வயது. ஒவ்வொரு படியிலும் நான் விழுந்தால் இவர் மூச்சும் போகும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்." கொஞ்சம் நிறுத்தி, "போன வருடம் மறுபடி விழுந்தார். மூன்று பேர் வந்தார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்" என்றார். போய் உட்கார்ந்தார்.

கூட்டத்தில் தீர்மானம் எளிதாக நிறைவேறியது. ஓவர்ரைடுக்கு அது போதாது. வாக்குப்பெட்டியிலும் வெல்ல வேண்டும். அங்கே நாங்கள் கேட்டதைவிடச் சிறிய தொகை ஒன்றையும் மாற்றாக வைத்திருந்தோம். பெரியது தோற்றது, சிறியது சொற்ப வாக்குகளில் வென்றது. அதில் மூன்று பேருக்குச் சம்பளம் வரும். நான்காமவருக்கு எங்கே போவது?

ஆம்புலன்ஸில் கொண்டுபோகும் நோயாளிகளின் காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து ஊருக்குக் கட்டணம் வரும். இந்த மாநில ஊர்கள் பலவற்றைப் போல எங்கள் ஊரும் அதைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்து, அடுத்த ஆம்புலன்ஸ் வாங்கச் சேர்த்துவந்தது. அந்தக் கணக்கிலிருந்து நான்காமவரின் சம்பளத்தை எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். புதிய ஆம்புலன்ஸ் தள்ளிப்போகும். சீஃப் ஒப்புக்கொண்டார். பழைய ஆம்புலன்ஸின் ஹீட்டர் சரியாக வேலை செய்யாது. நோயாளிக்கு இரண்டு கம்பளி போர்த்திக் கூட்டிப்போகிறார்கள். அந்த ஏற்பாடு ஒவ்வொரு வசந்தத்திலும் மறுபடி நிறைவேற்றப்பட வேண்டும். இதுவரை நிறைவேறியிருக்கிறது.

நான் நிதிக்குழுவிலிருந்து விலகிய பிறகு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சின்ன ஊரிலிருந்து ஒரு இளம் பெண் அழைத்தார். அவர்களும் சேஃபர் கேட்கப் போகிறார்கள். எங்கள் பட்டியலின் வடிவம் கிடைக்குமா என்றார். அன்று இரவே அனுப்பினேன். கூடவே, பட்ஜெட் பக்கத்தில் மூன்று வருடங்களுக்கான கட்டங்களுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு கட்டத்தை ஃபீமா கேட்காமலே போட்டு, அதில் ஊரின் பங்கு 100 விழுக்காடு என்று எழுதி, அதையும் சேர்த்தே குழுவின் முன் வைக்கச் சொன்னேன்.